மரமஞ்சளும் கண்ணாடித் தட்டும்

பிழைப்பை முன்னிட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா, நாகபுரி முதலிய ஊர்களில் குடியேறியிருக்கும் நம்மவர் இல்லங்களில், அஞ்சறைப் பெட்டிக்கு அருகே மற்றொரு சிறு டப்பாவும் இருப்பது வழக்கம். சுக்கு, ஓமம், அதிமதுரம், நிலவேம்பு, மரமஞ்சள் ஆகியவை அதில் இடம்பெற்றிருக்கும். ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் புளியும் அப்பளமும் கொண்டுவருவது போலவே இவற்றையும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். மொழி தெரியாத மருத்துவரிடம் போவதற்கு முன்னால், பாட்டி சொல்லிய கஷாயத்தைக் குடித்துப் பார்ப்போம் என்ற எண்ணம் எழுவது இயல்பே.

இந்தப் பழக்கத்துக்கு அண்மைக் காலத்தில் புதிய துணை ஒன்று கிடைத்திருக்கிறது. இன்ன இலையின் சாறு நோய்க் கிருமிகளைக் கொல்லுவதாக ஆராய்ச்சியில் தெரியவந்திருக்கிறது என்ற வகைச் செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. அவற்றைப் படித்தவுடன் நம்முள் சிலர், முன்னோர் வாக்கு மெய்யாயிற்று என்று மகிழ்கின்றனர். வேறு சிலர், இது வெறும் பழம்பெருமை என்று தள்ளிவிடுகின்றனர். அந்த ஆராய்ச்சி எவ்வாறு நடைபெற்றது, அது எந்தக் கேள்விக்கு விடை தந்தது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே.

நமது தொழில் மொழிபெயர்ப்பு. விஞ்ஞானம் பயின்றவர்கள் அல்லோம். ஆயினும் ஒரு சொல்லின் எடையை அறிவது நம் அன்றாட வேலை. மூலிகை ஆராய்ச்சிகளைப் பற்றிய அறிக்கைகளையும், அவற்றையொட்டிப் பிறக்கும் செய்திகளையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்தால் ஒன்று புலனாகும். ஆராய்ச்சியாளர் ‘வளர்ச்சியைத் தடுக்கிறது’ என்று எழுதியிருப்பார். செய்தியில் அது ‘கொல்லுகிறது’ என்றாகும். அண்டை வீட்டார் நம்மிடம் சொல்லும்போது ‘குணப்படுத்துகிறது’ என்றாகிவிடும். ஆய்வுக்கூடத்திலிருந்து அடுப்பங்கரைக்கு வந்து சேர்வதற்குள் வினைச்சொல் இரண்டு முறை மாறிவிடுகிறது. தடுத்தல், கொல்லுதல், குணப்படுத்துதல் என்ற இம்மூன்று சொற்களுக்கும் இடையே உள்ள தூரத்தை, மரமஞ்சளைத் துணையாகக் கொண்டு இங்கே அளந்து பார்ப்போம்.

ஒரு பெயர், இரண்டு செடிகள்

மரமஞ்சள் என்பது சமையலுக்கு உதவும் மஞ்சள் அன்று. அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் மரங்களைப் பற்றி ஏறும் ஒரு பெருங்கொடி. அதன் தண்டை வெட்டினால் உள்ளே பளிச்சென்ற மஞ்சள் நிறம் தோன்றும். தாவர நூலார் இதனைக் காசினியம் பெனெஸ்ட்ரேட்டம் என்பர். சிங்களத்தில் இதற்கு வெனிவெல் என்று பெயர். தில்லி மருந்துக் கடைவீதியில் மரமஞ்சளுக்கு இந்திப் பெயர் கேட்டால், தாருஹல்தி என்று விடை வரும். வடமொழியில் தாருஹரித்ரா. தாரு என்றால் மரம். ஹரித்ரா என்றால் மஞ்சள். சொல்லுக்குச் சொல் இவ்வளவு பொருத்தமாக அமைவது மொழிபெயர்ப்பாளருக்கு அபூர்வமாகக் கிடைக்கும் பேறு.

ஆனால் சொல் பொருந்தியதே தவிர, செடி பொருந்தவில்லை. வடநாட்டுத் தாருஹல்தி, இமயமலைச் சாரலில் வளரும் முட்புதராகிய பெர்பெரிஸ் அரிஸ்டேட்டா என்பதன் வேரும் தண்டுமாகும். கொடி ஒரு குடும்பம். புதர் வேறொரு குடும்பம். தென்னாட்டுக் கடைகளில் தாருஹரித்ரா என்று கேட்டாலும் பெரும்பாலும் கொடியின் துண்டுகளே கிடைப்பதுண்டு. எனினும் வியப்பு இங்கேதான் இருக்கிறது. இரண்டையும் இரசாயன முறையில் பகுத்துப் பார்த்தால், இரண்டிலும் மஞ்சள் நிறம் தருவது பெர்பெரின் என்ற ஒரே ஆல்கலாய்டுதான். பெயர் ஒன்று, செடி இரண்டு, சத்து ஒன்று.

எல்லாப் பெயர்களும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. வடநாட்டில் பிராமி என்று கேட்டால் சிலர் நீர்ப்பிரமியையும் சிலர் வல்லாரையையும் கொடுப்பர். நம் நிலவேம்புக்குக் காலமேகம் என்ற பெயரும் உண்டு. சிராயதா என்ற வேறு செடியின் பெயரும் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே, ஒரு மூலிகையைச் சோதிப்பதில் முதற்படி கிருமி அன்று, பெயரே. சோதிக்கப்படும் செடியின் கிளை ஒன்றை இலை, பூ, காயுடன் உலர்த்தித் தாளில் ஒட்டி, எண் கொடுத்து, தாவர நூலார் ஒருவரைக் கொண்டு இனம் உறுதிசெய்து, பாதுகாத்து வைப்பார்கள். ஹௌராவில் கங்கைக் கரையில் உள்ள மத்திய தேசியத் தாவரக் காப்பகமும், கோயம்புத்தூரில் உள்ள சென்னைத் தாவரக் காப்பகமும் இத்தகைய தாள்களை இலட்சக்கணக்கில் பேணி வருகின்றன. பின்னால் ஒருவர் ஐயுற்றால், எடுத்துப் பார்த்து இதுவே அச்செடி என்று கூறுவதற்கு அந்தத் தாள் சாட்சி. அந்தச் சாட்சி இல்லாத சோதனை, முகவரி இல்லாத கடிதத்தைப் போன்றது.

கண்ணாடித் தட்டின் சாட்சியம்

இனம் உறுதியான பின்னர், தண்டை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, அதிலிருந்து சத்தை வடிக்க வேண்டும். நாம் வீட்டில் வெந்நீரில் காய்ச்சுகிறோம். ஆய்வுக்கூடத்திலோ பெரும்பாலும் எத்தனால், மெத்தனால் போன்ற சாராய வகைகளைப் பயன்படுத்துவர். நீரில் கரையாத பல பொருள்கள் அவற்றில் கரையும். எனவே மெத்தனாலில் வடித்த சாறு கிருமியைத் தடுத்தது என்ற செய்தி, வீட்டுக் கஷாயத்தைப் பற்றிய செய்தி ஆகாது. ஒரே செடியாயினும் வடித்த முறை வேறானால் பொருளும் வேறு.

அடுத்து, கிருமிகளுக்கு ஒரு விளைநிலம் வேண்டும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்ற பொருளைச் சத்துநீருடன் காய்ச்சித் தட்டையான மூடியுள்ள கண்ணாடித் தட்டில் ஊற்றினால், அது கட்டியாக உறைந்து நிற்கும். நோன்புக் காலத்தில் நம் ஊர் முஸ்லிம் இல்லங்களில் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் கடல்பாசி இனிப்பு இதே பொருளால் ஆனதே. விஞ்ஞானத்துக்கும் இது சமையலறை வழியாகவே வந்தது. ஜெர்மனியில் இராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸே என்பார், வெப்பத்தில் உருகிவிடும் ஜெலட்டினால் தொல்லையுற்றபோது, அவருடைய மனைவி பான்னி ஹெஸ்ஸே 1881-ஆம் ஆண்டில் அகரைப் பயன்படுத்தும்படி யோசனை கூறினார். கோக்கின் உதவியாளர் பெத்ரி 1887-ஆம் ஆண்டில் விவரித்த மூடித் தட்டே இன்றும் உலகெங்கும் அவர் பெயரால் வழங்குகிறது.

அந்த அகரின்மேல், ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 15 கோடி பாக்டீரியாக்கள் உள்ள கலங்கல் நீரைப் பஞ்சினால் ஒரே சீராகப் பூசுவார்கள். பின்னர் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு காகித வில்லைகளை மூலிகைச் சாற்றில் நனைத்து, உலர்த்தி, தட்டின்மேல் வைப்பார்கள். 35 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் சென்றபின் எடுத்துப் பார்த்தால், தட்டு முழுவதும் பாக்டீரியா வெண்படலமாக வளர்ந்திருக்கும். சாற்றில் வலிமை இருந்தால், வில்லையைச் சுற்றி மட்டும் படலம் இல்லாத தெளிந்த வட்டம் ஒன்று காணப்படும். ஆண்டிபயாடிக் மருந்துகளைச் சோதிப்பதற்காக இம்முறையை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்து, 1966-இல் பௌயர், கெர்பி, ஷெரிஸ், டர்க் என்ற நால்வர் அமெரிக்காவில் வெளியிட்டனர். மூலிகைச் செய்திகளில் நாம் காணும் ‘ஆராய்ச்சி’ பெரும்பாலும் இந்த வட்டமே.

சோதனை நேர்மையாக நடைபெற வேண்டுமானால், அதே தட்டில் வேறு இரண்டு வில்லைகளும் இருத்தல் வேண்டும். ஒன்று, மூலிகை சேராத வெறும் கரைப்பானில் நனைத்தது. சாராயமே கிருமியைத் தடுக்கக் கூடியது. ஆகையால் வட்டம் மூலிகையால் வந்ததா, சாராயத்தால் வந்ததா என்பதை இது காட்டிக்கொடுக்கும். மற்றொன்று, முன்பே அறியப்பட்ட ஆண்டிபயாடிக் மருந்து. அன்றைய தட்டும் கிருமியும் ஒழுங்காக உள்ளனவா என்பதை இது அறிவிக்கும். இவ்விரண்டும் இல்லாத அறிக்கையை நம்புவதற்கில்லை.

வட்டம் எவ்வளவு பெரிது என்று கேட்பதும் நம் வழக்கம். இங்கே எச்சரிக்கை வேண்டும். ஈரத் துணியில் விழுந்த மைத்துளி பரவுவது போல, சாறு அகரில் பரவுகிறது. நீரில் கரையும் சிறு மூலக்கூறுகள் விரைந்து பரவும். பெரியவை மெல்லப் பரவும். எண்ணெய்ப் பசையுள்ளவை இருந்த இடத்திலேயே நிற்கும். ஆகவே வலிமை குன்றிய ஒன்று பெரிய வட்டம் காட்டலாம். வலிமை மிக்க ஒன்று வட்டமே காட்டாமல் போகலாம். கிருமிகளுக்குள்ளும் வேற்றுமை உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் என்பார் 1884-இல் கண்ட சாய முறையால் பாக்டீரியாக்கள் இரு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. அவற்றுள் ‘கிராம் நெகட்டிவ்’ எனப்படும் வகைக்கு வெளிப்புறத்தில் இன்னொரு சவ்வும் உண்டு. காலராக் கிருமி இந்த வகை. புண்களில் சீழ் உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸுக்கு அந்த வெளிச்சவ்வு இல்லை. அதனைத் தடுக்கும் சாறு காலராக் கிருமியையும் தடுக்கும் என்று கொள்ளுதல் கூடாது.

மேலும், ஆண்டிபயாடிக் மருந்துகளுக்கு வட்டத்தின் அளவைக் கொண்டு பயன் தருமா, தராதா என்று கூறும் அட்டவணைகள் உண்டு. பல ஆண்டுகள் நோயாளிகளிடம் கண்ட பலனோடு ஒப்பிட்டு அவை வகுக்கப்பட்டவை. வீட்டு மூலிகைச் சாறுகளுக்கு அத்தகைய அட்டவணை இல்லை. ஆதலின் 18 மில்லிமீட்டர் வட்டம் என்று கேட்டவுடன் அதை மருந்தின் தரமாகக் கொள்ளுவது, துணிக்கடை முழக்கோலால் பாலை அளப்பதற்கு ஒப்பாகும்.

தடுப்பதும் கொல்வதும்

வட்டத்தின் குறையை நீக்க அடுத்த சோதனை ஒன்று உண்டு. சத்துநீர் உள்ள சிறு குழாய்களை வரிசையாக வைத்து, முதற் குழாயில் மூலிகைச் சாறு மில்லிலிட்டருக்கு 1,000 மைக்ரோகிராம், அடுத்ததில் 500, பின்னர் 250, 125 என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. எல்லாக் குழாய்களிலும் ஒரே அளவு கிருமியை இட்டு மறுநாள் பார்த்தால், சில குழாய்கள் தெளிவாகவும் சில கலங்கியும் இருக்கும். தெளிந்தவற்றுள் மிகக் குறைந்த அளவு சாறு உள்ள குழாய் எதுவோ, அந்த அளவே ‘குறைந்தபட்சத் தடுப்பளவு’ எனப்படும்.

இந்த எண்ணே உண்மையான ஒப்பீட்டுக்கு இடந்தருவது. கிருமிக்கு ஏற்ற ஆண்டிபயாடிக் மருந்துகள் பெரும்பாலும் ஒரு சில மைக்ரோகிராம் அளவிலேயே வேலை செய்கின்றன. பல மூலிகைச் சாறுகளுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டியிருக்கிறது. சாறு என்பது பல பொருள்களின் கலவையாதலால் இது எதிர்பார்க்கத் தக்கதே. எனினும் 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் தேவைப்படும் ஒன்றை ஆற்றல் உள்ளது என்று கூறலாகாது என்பது இத்துறையினர் பலரின் கருத்து.

தெளிந்த குழாயிலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அங்கே கிருமிகள் மாண்டனவா, அல்லது வளராமல் ஒடுங்கிக் கிடக்கின்றனவா? இதை அறிய, அக்குழாயிலிருந்து ஒரு துளி எடுத்து மூலிகை கலவாத புதிய தட்டில் இட வேண்டும். மீண்டும் முளைத்தால் அது தடுத்தல். முளைக்காவிடில் அது கொல்லுதல். நாம் முன்னே சொன்ன மூன்று வினைச்சொற்களில் முதலிரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமை இந்த ஒரு துளியில் அடங்கியிருக்கிறது.

கொல்வது உறுதியானாலும் அது மருந்தாகிவிடாது. சலவைத் தூள் கரைசலும் தட்டிலுள்ள கிருமிகளை அடியோடு ஒழிக்கும். அதை யாரும் குடிக்கமாட்டார். கிருமியை ஒழிக்கும் அளவில் மனித உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உட்கொண்ட பொருள் நோய் உள்ள இடத்தைச் சென்று சேர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெர்பெரினை வாய்வழி உட்கொண்டால் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் சேர்கிறது. பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே நுரையீரலிலோ இரத்தத்திலோ உள்ள கிருமிக்கு எதிராக அதைக் குடிப்பதால் பயன் எதிர்பார்க்க இயலாது. குடல் நோய்க்கு மட்டும் அதைச் சோதித்துப் பார்க்க நியாயம் உண்டு.

நோயாளியின் படுக்கையருகே

அவ்வாறு சோதித்தும் பார்த்தார்கள். இந்த வரலாறு நம் நாட்டுடன் நெருங்கிய தொடர்புடையது. கல்கத்தாவில் இராம்நாத் சோப்ரா, உள்நாட்டு மருந்துகளை நவீன முறையில் ஆராய்ந்து, 1933-ஆம் ஆண்டில் ‘இந்தியாவின் உள்நாட்டு மருந்துகள்’ என்ற பெருநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1951-ஆம் ஆண்டில் இலட்சுமணபுரியில், அதாவது லக்னோவில், மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அங்கே இந்தியச் செடிகளை வரிசையாக எடுத்துப் பல்வேறு நோய்களுக்கு எதிராகச் சோதிக்கும் பெருமுயற்சி நடைபெற்று, அதன் முதற் பகுதி 1968-இல் வெளியாயிற்று.

பெர்பெரினைப் பொறுத்தமட்டில், தத்தா, பான்சே என்ற இருவர் 1962-ஆம் ஆண்டில், ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய காலராவில் அது பயன் தருவதாக எழுதினர். 1967-இல் லாஹிரி, தத்தா ஆகியோர் காலராவாலும் கடும் பேதியாலும் வருந்திய நோயாளிகளிடம் அதனைக் குளோராம்பெனிகால் மருந்துடன் ஒப்பிட்டு நல்ல முடிவுகளைத் தெரிவித்தனர். அத்துடன் நின்றிருந்தால், மரமஞ்சள் காலராவைக் குணப்படுத்தும் என்று நாம் முரசு அறைந்திருப்போம்.

ஆனால் விஞ்ஞானம் மேலும் கடுமையான ஒரு கேள்வியைக் கேட்டது. பேதி பலருக்குத் தானாகவே அடங்கும். மருந்து கொடுத்தபின் அடங்கினால், மருந்தால் அடங்கியதென்று எப்படிச் சொல்வது? இதற்காக நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றொரு பிரிவுக்கு அதே தோற்றமுள்ள வெறும் மாத்திரையும் கொடுப்பர். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. இரங்கூனில் 400 நோயாளிகளிடம் இவ்வாறு நடைபெற்ற சோதனை 1985-இல் வெளியாயிற்று. காலரா நோயாளிகளுக்கு டெட்ராசைக்ளின் தெளிவான பயன் அளித்தது. பெர்பெரின் அவ்வாறு பயன் அளிக்கவில்லை.

இதோடு கதை முடிந்துவிட்டதா? இல்லை. வங்காளதேசத்தில் 165 ஆடவரிடம் நடைபெற்ற சோதனை 1987-இல் வெளியாயிற்று. அதில் காலரா நோயாளிகளுக்குப் பெர்பெரினால் கிடைத்த பயன் மிகக் குறைவே. ஆனால் நச்சு சுரக்கும் ஒருவகை எஷ்சரிக்கியா கோலியால் பேதி கண்டவர்களில், 400 மில்லிகிராம் பெர்பெரின் ஒருமுறை பெற்றவர்களுள் நூற்றுக்கு 42 பேருக்கு 24 மணி நேரத்தில் பேதி நின்றது. பெர்பெரின் பெறாதவர்களுள் நூற்றுக்கு 20 பேருக்கே அவ்வாறு நின்றது. ஒரே பொருள், ஒரே அறிகுறி. கிருமி வேறானதும் முடிவும் வேறாயிற்று. பேதிக்கு நல்லது என்று ஒரே வாக்கியத்தில் நாம் சொல்லிவிடும் செய்திக்குள் இத்தனை பிரிவுகள் இருக்கின்றன.

இன்னும் நுட்பமான செய்தியும் உண்டு. குடலில் நீர் பெருகிச் சுரப்பதற்குக் காரணம் கிருமி கக்கும் நஞ்சு. முயல்களின் குடலில் அந்த நஞ்சினால் உண்டாகும் சுரப்பைப் பெர்பெரின் குறைப்பதாக 1982-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. அப்படியானால் அது உதவும்போதும், கிருமியைக் கொன்று உதவுகிறது என்பதைவிட, குடலை அமைதிப்படுத்தி உதவுகிறது என்று கருத இடம் உண்டு. இதைக் கண்ணாடித் தட்டு ஒருநாளும் காட்டியிராது. தட்டில் குடல் இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டுமே அது விடை சொல்லும்.

பேதியில் உயிரைக் கவர்வது பெரும்பாலும் உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்புமே என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். 1971-ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்துப் பன்காவ் அகதி முகாமில், நரம்பு வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு ஏறத்தாழ 30 ஆக இருந்த இறப்பு, 4-க்கும் கீழே இறங்கியது. அந்நீருக்குத் தட்டில் வட்டம் காட்டும் ஆற்றல் கிடையாது. ஆயினும் அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை.

செடியின் மற்றொரு கை

இவ்வளவும் கேட்டு, சோதனை என்பது மூலிகையைத் தாழ்த்துவதற்கே ஏற்பட்டது என்று எண்ண வேண்டா. சோதனையே மூலிகையின் மறைந்த சிறப்பையும் வெளிக்கொணர்ந்திருக்கிறது. தனித்த பெர்பெரின் ஸ்டாபிலோகாக்கஸின்மேல் வலிமை குன்றியே காணப்படுகிறது. காரணம், உள்ளே நுழையும் பெர்பெரினை அக்கிருமி ஒரு புரதப் பம்பினால் இறைத்து வெளியே கொட்டிவிடுகிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நாட்டுப் பெர்பெரிஸ் செடிகளில் வேறொரு பொருளையும் கண்டனர். அது தனியே இருந்தால் கிருமியை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அந்தப் பம்பை அடைத்துவிடுகிறது. அதனால் பெர்பெரின் கிருமிக்குள் தேங்கித் தன் வேலையைச் செய்கிறது. செடி ஒரு கையால் ஆயுதத்தையும் மற்றொரு கையால் பகைவனின் கதவையும் பிடித்திருக்கிறது என்று சொல்லலாம்.

பழைய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில், இந்தக் கண்டுபிடிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. கிருமியைத் தானே கொல்லாவிடினும், கைவிட்டுப்போன ஒரு மருந்துக்கு மீண்டும் வலுவூட்டும் பொருள்களைச் செடிகளில் தேடும் முயற்சி பல நாடுகளில் நடைபெறுகிறது. பழைய ஏட்டைக் கவனமாகப் படிப்பதற்கும் பலன் உண்டு. சீனத்துத் தூ யூயூ அம்மையார், மலேரியாவுக்கு எதிராக ஒருவகை மாசிப்பத்திரியை ஆராய்ந்தபோது, சூடாக்கி வடித்த சாறு உறுதியான பலன் தரவில்லை. நான்காம் நூற்றாண்டு நூலொன்று அச்செடியைக் காய்ச்சச் சொல்லாமல், நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதை அவர் கவனித்தார். 1971-இல் குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு வடித்தார், பலன் கிட்டியது. ஆர்ட்டிமிசினின் என்ற அம்மருந்துக்காக 2015-இல் அவருக்கு நோபெல் பரிசும் கிட்டியது. ஏட்டை நம்பியதோடு நில்லாமல் அதைச் சோதித்தும் பார்த்ததே அவர் செய்த சிறப்பு.

நாம் செய்யத்தக்கவை

வெளியூரில் வாழும் நமக்கு இவற்றால் கிடைக்கும் பயன் என்ன? முதலாவது, பெயரில் கருத்து வேண்டும். மூலிகை உட்கொள்ளும் வழக்கம் இருப்பின் அதன் தமிழ்ப் பெயரோடு இந்திப் பெயரையும் தாவர நூற்பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்து, மருத்துவரிடம் செல்லும்போது காட்டுவது நலம். பெர்பெரின் சில மருந்துகள் உடலில் கழியும் வேகத்தை மாற்றக் கூடியது. கருவுற்ற தாய்மாருக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் பெர்பெரின் உள்ள மூலிகைகளைக் கொடுத்தல் ஆகாது. பச்சிளங் குழந்தையின் மஞ்சட்காமாலையை அது கடுமையாக்கக் கூடும். இயற்கையில் விளைந்தது என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

இரண்டாவது, காலத்தில் கருத்து வேண்டும். வீட்டில் ஒருவருக்குப் பேதி கண்டால், முதற்கண் உப்பு, சர்க்கரை நீர் கொடுத்தல் வேண்டும். கடையில் கிடைக்கும் பொட்டலம் இல்லையெனில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், குழந்தையின் கண் குழிவிழுதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் கஷாயம் வேலை செய்கிறதா என்று காத்திராமல் மருத்துவரை நாட வேண்டும். மொழி தடையாக இருந்தால் அண்டையிலுள்ளவர் ஒருவரை உடனழைத்துச் செல்லலாம். மொழியின் கூச்சத்தால் இழந்த பொழுதை எந்த மூலிகையும் மீட்டுத் தராது.

மூன்றாவது, செடியிலும் கருத்து வேண்டும். மரமஞ்சள் கொடி முதிரப் பல ஆண்டுகள் ஆகும். கண்டபடி வெட்டப்பட்டதால் நம் மலைக் காடுகளில் அது அருகி வருகிறது. பயன் உறுதியாகாத காரியங்களுக்கெல்லாம் அதை மூட்டை மூட்டையாகச் செலவிட்டால், நாளை உறுதியான பயன் ஒன்று தெரியவரும்போது சோதிப்பதற்கே கொடி இராது.

இனி, ஒரு மூலிகையைப் பற்றிய செய்தி கண்ணிற் பட்டால், நாம் கேட்கத் தக்க கேள்விகள் சிலவே. எந்தச் செடி, எப்பகுதி, எதில் வடித்தது? எந்தக் கிருமி, எவ்வளவு சாறு? தட்டிலா, விலங்கிலா, நோயாளியிடமா? தடுத்ததா, கொன்றதா, குணப்படுத்தியதா? இந்தக் கேள்விகளுக்கு விடை தரும் செய்தியை மகிழ்ந்து ஏற்கலாம். விடை இல்லாத செய்தியைப் பகைக்க வேண்டியதில்லை. இன்னும் பாதி வழியில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.